மதுரையில் எங்கள் விபத்து இழப்பீட்டு வழக்கை நடத்திய வழக்கறிஞர் அலுவலகம்

சாலையைக் கடந்த அப்பாவின் வலக்கால் சரக்கு வேன் மோதி முறிந்தபோது, அவர் வரிக்கோட்டில் கடக்கவில்லை, ஆகவே தவறு முழுவதும் அவருடையதே என்றுதான் காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. எங்கள் வழக்கறிஞரோ விபத்து நடந்த இடத்தைப் பார்வையிட்டுக் காவல்துறை எழுதிய பார்வை மகஜரையும் அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் மேசைமேல் விரித்து, டயரின் கருந்தடம் தொடங்கிய இடத்தையும் அப்பா விழுந்த இடத்தையும் பென்சிலால் குறித்துக் காட்டி, நடந்து சென்றவரிடம் பிழை இருந்தாலும் அந்த விகிதத்துக்குத்தான் தொகை குறையுமே தவிர இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று பொறுமையாக விளக்கினார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரலாம். ஆனால் நிரந்தர ஊனத்துக்கு அது போதாது என்பதால் எதிர்த்தரப்பின் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கோரும் 166ஆம் பிரிவைத் தேர்ந்தெடுத்து, சட்டம் வைத்திருக்கும் 6 மாதக் கெடுவுக்குள் மனுவைத் தாக்கல் செய்தார். அப்பாவுக்கு 58 வயது. 2009ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பெருக்கி, அதாவது ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண், 9. ஆனால் வருமானத்தைக் காட்ட அப்பாவின் பூ வியாபாரத்துக்கு ரசீது ஏது? அவருக்கு நாள்தோறும் மல்லிகை கொடுத்த மொத்த வியாபாரியையே சாட்சிக் கூண்டில் ஏற்றியதை நான் என்றும் மறக்க மாட்டேன். தீர்ப்பாயம் அப்பாவின் பங்காகப் பத்து விழுக்காட்டை மட்டுமே கழித்தது.

கட்டணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். இழப்பீட்டில் பங்கு கேட்கவில்லை. வழக்கறிஞர் ஒழுங்கு விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. குறை ஒன்று உண்டு: வாய்தா தேதியைக் குமாஸ்தா இரண்டு முறை முந்தைய இரவில்தான் தெரிவித்தார், ஊன்றுகோலுடன் வர வேண்டியவருக்கு அது பெரும் சிரமம்.