டிபிஏபி: வினை சுலபம், கழுவுவதில்தான் பாடு

டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு நீரில் தாராளமாகக் கரையும் வெள்ளைத் தூள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது டிபிஏபி. ஒன்றோடொன்று கலக்காத நீர் அடுக்குக்கும் கரிம அடுக்குக்கும் இடையே அயனிகளைக் கடத்தி வினையை நடத்தும் வினையூக்கி. மோலார் நிறை 322.4. நைட்ரஜனைச் சுற்றி நான்கு பியூட்டைல் சங்கிலிகள் இருப்பதால் இந்த நான்கிணைய அம்மோனியம் அயனி கரிமக் கரைப்பானுக்குள்ளும் போகும். போகும்போது நீர் அடுக்கிலிருந்து ஓர் எதிர் அயனியைக் கூட்டிப்போகும். சூழ்ந்திருந்த நீர் பெரும்பாலும் கழன்றுவிடுவதால் அந்த அயனி அங்கே பல மடங்கு வேகமாக வினைபுரியும்.

பீனாலிலிருந்து பென்சைல் பீனைல் ஈதர் செய்வதில் இதை நன்றாகப் பார்க்கலாம். பீனால் 1.04 கிராம் (11 மில்லிமோல்), 20% சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி., டொலுயீன் 15 மி.லி., டிபிஏபி 0.16 கிராம், கடைசியில் பென்சைல் குளோரைடு 1.27 கிராம் (10 மில்லிமோல்). 50 டிகிரியில் வைத்து, பென்சைல் குளோரைடு தீரும்வரை டிஎல்சி (பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகடு) பாருங்கள். பீனாலைச் சற்றுக் கூடுதலாக எடுப்பது வேண்டுமென்றேதான்: மிஞ்சினால் காரத்தோடு போய்விடும். பென்சைல் குளோரைடு மிஞ்சினால் கண்ணைக் கரிக்கும், பிரிப்பதும் கஷ்டம். எல்லாம் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்குள் நடக்கட்டும். கலக்கும் கருவி மெதுவாகச் சுற்றினால் இரண்டு அடுக்கும் தனித்தனியாகவே கிடக்கும். அப்போது வினை நகராததற்கு வினையூக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வினை மந்தமாக இருக்கிறதென்று சூட்டை ஏற்றாதீர்கள். அடர் காரத்தோடு சூடானால் ஹாஃப்மன் நீக்கம் நடந்து, அதாவது ஒரு பியூட்டைல் சங்கிலி கழன்று, டிபிஏபி டிரைபியூட்டைல் அமீனாகச் சிதையும். குடுவையைத் திறந்ததும் மீன்வாடை போன்ற அமீன் நெடி அடித்தால் அதுதான் காரணம். ஆல்கைல் அயோடைடையும் தவிர்ப்பது நல்லது. வெளியேறும் அயோடைடு அம்மோனியம் அயனியை விடாமல் பற்றிக்கொள்ளும். வினை பாதியில் படுத்துவிடும். கரைப்பானாக டைகுளோரோமீத்தேனும் வேண்டாம்: பீனாக்சைடு அதையே தாக்கும், டிபிஏபியும் அதிலிருந்து நீருக்கு லேசில் இறங்காது.

வினை முடிந்தபின் டிபிஏபியைக் கழுவி நீக்குவதுதான் உண்மையான பாடு, அதுவும் அடுக்குகளைப் பிரிக்கும் பிரிபுனலில். அடர் காரம் இருந்தால் டிபிஏபி நடுவே எண்ணெய் போல மூன்றாம் அடுக்காக நிற்கும். அதனால் முதலில் 20 மி.லி. நீர் விட்டு நீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கரிம அடுக்கை வெறும் நீரால் மூன்று முறை கழுவுங்கள், ஒவ்வொரு முறையும் 15 மி.லி. வேகமாகக் குலுக்கினால் பால் போல நுரைத்து அரைநாள் பிரியாது. புனலைச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினால் போதும். பால்பட்டுவிட்டது என்று உடனே உப்புநீரை ஊற்றுவது பழக்கதோஷம்: அது டிபிஏபியைத் திரும்பக் கரிம அடுக்குக்கே தள்ளும். உப்புநீர் கடைசிக் கழுவலுக்கு மட்டும்.

பாட்டிலை இறுக மூடி டெசிகேட்டரில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகும். நீரோடு செய்யும் வினைக்கு அதனால் எடைதான் பிசகும். நீரே இல்லாமல் உலர்ந்த பொட்டாசியம் கார்பனேட்டோடு செய்யும் வினைக்கு அந்தக் கட்டி உதவாது.

டிஎல்சி ஒரே புள்ளியாகத் தெரிவதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். டிபிஏபி அடிக்கோட்டிலேயே தங்கிவிடும், புறஊதா விளக்கில் தெரியாது. புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன் அணுக்களைக் காட்டும் காந்த அதிர்வு நிறமாலை) 3.3, 1.6, 1.4, 1.0 பக்கம் டிபிஏபியின் நான்கு தொகுதிகள் தென்பட்டால், பொருளை டொலுயீனில் கரைத்து இன்னும் இரண்டு முறை நீரால் கழுவ வேண்டும்.