எங்க நாய் மணிக்கு வாங்கின ஸ்னோ கோட்டும் பூட்ஸும்: அண்டர்பெர்க் லீவுல போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற நாய்க்கு எதுக்கு ஸ்னோ கோட்டுன்னு கடையில இருந்த பொண்ணே கேட்டுச்சு. நாங்க இருக்கிறது சாட்ஸ்வொர்த், செப்டம்பர்ல எல்லாம் இங்க ஃபேன் ஓட ஆரம்பிச்சுரும். ஆனா 2024 செப்டம்பர் 20 வெள்ளிக்கிழமை ஸ்கூல் மூடுது, 24 செவ்வாய் ஹெரிடேஜ் டே அரசு லீவு, நடுவுல திங்கள் ஒரு நாள் லீவு போட்டா வெள்ளியோட சேர்த்து அஞ்சு நாள் ஆச்சேன்னு, டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துல இருக்கிற அண்டர்பெர்க் பக்கம் நாய் கூட்டிட்டு வரலாம்னு சொன்ன ஒரு பண்ணை வீட்டை எடுத்திருந்தோம். அந்த வாரம் பூரா வானிலை ஆபீஸ்ல ஸ்னோ வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. எங்க மணி ஸ்னோவ கண்ணால பார்த்ததில்ல. ஆஃப்ரிகானிஸ்ங்கிற இந்த ஊர் நாட்டு நாய்க் கலப்பு, மேல ஒட்டின முடி, வயித்துல அதுவும் கிடையாது, தோலு அப்படியே ரோஸ் கலர்ல தெரியும். அதான் வியாழக்கிழமை ஓடிப் போய் மூணு சாமான் வாங்கினேன்: கோட் 620 ரேண்ட், நாலு பூட்ஸ் 340 ரேண்ட், பாதத்துல தடவுற மெழுகு ஒரு டப்பா 150 ரேண்ட். குளிர்காலம் முடிஞ்ச ஸ்டாக்னு கொஞ்சம் குறைச்சுதான் கொடுத்தாங்க.

முதல்ல கோட் பத்தி சொல்லிடுறேன். மேல தண்ணி ஒட்டாத துணி, உள்ள மெத்துன்னு ஃப்ளீஸ் துணி, முதுகுல ராத்திரி லைட் பட்டா மின்னுற பட்டை. நான் இத எடுத்ததுக்கு ஒரே காரணம் வயித்தையும் சேர்த்து மூடுற மாதிரி அகலமான துணி இருந்துச்சு. பக்கத்துலயே தொங்கின இன்னொண்ணு பார்க்க இதவிட தடியா பஞ்சு மெத்தை மாதிரி இருந்துச்சு, ஆனா முதுகுல மட்டும் போர்த்தி வயித்துக்கு ரெண்டு நாடா, அவ்ளோதான். மணி உயரத்துக்கு ஸ்னோ அதோட வயித்தத்தான் தொடும், முதுகுல மெத்தையப் போட்டு என்ன பிரயோஜனம்? சைஸ் பார்க்கும்போது எஸ், எம், எல் எழுத்த நம்பாதீங்க. கழுத்துப்பட்டை கிடக்கிற இடத்துல இருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் டேப் வச்சு அளங்க, அப்புறம் முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சு சுத்தளவு. மணிக்கு நீளம் எம், நெஞ்சு எல். எல் வாங்கி வயித்துப் பட்டையை இறுக்கிக்கிட்டேன், சரியா இருந்துச்சு.

வெள்ளி ராத்திரி மழையா ஆரம்பிச்சு, சனி காலைல கதவத் திறந்தா வெளில எல்லாமே வெள்ளை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவுல இருந்து என் நாத்தனார் குடும்பம் அன்னைக்கு வர்றதா இருந்துச்சு, வர்ற வழியில வான் ரீனன் பாஸ்ங்கிற மலைப்பாதை பக்கம் என்3 ஹைவேயையே மூடிட்டாங்க, அவங்க கிளம்பவே இல்ல. அங்க ராத்திரி பூரா கார்ல மாட்டிக்கிட்டவங்கள நினைச்சு அத்தை சாமி கும்பிட்டுட்டே இருந்தாங்க. எங்களுக்கு கரண்ட் இல்ல, ஆனா அடுப்புல விறகு இருந்துச்சு, வீடு கதகதன்னு இருந்துச்சு.

மணிக்கு கோட்டப் போட்டு கயிறோட வெளில விட்டேன். கயிறு முக்கியம்ங்க. ஸ்னோ மூடிட்டா பள்ளம் எது வாய்க்கால் எது ஒண்ணும் தெரியாது, மோப்பமும் மாறிப்போகும், பழகாத இடத்துல அவுத்து விட்டா வீட்டுக்குத் திரும்பத் தெரியாமப் போயிரும். முதல் பத்து நிமிஷம் அது குதிச்ச குதி இருக்கே, என் பொண்ணு சிரிச்சு சிரிச்சு அழுதுட்டா. கோட் நகரல, ஒண்ணுக்குப் போகவும் இடைஞ்சல் இல்ல (ஆண் நாய்க்கு வயித்துத் துணி பின்னாடி ரொம்ப நீளமா இருந்தா நனைஞ்சுரும், அதப் பார்த்து வாங்குங்க). இருபது நிமிஷம் கழிச்சு ஒரு கால மாத்தி ஒரு கால தூக்க ஆரம்பிச்சுச்சு, உடனே உள்ள தூக்கிட்டு வந்துட்டேன். நடுங்குறது, கால தூக்குறது, நடக்காம அப்படியே நின்னு நம்ம மூஞ்சியப் பார்க்குறது, இதெல்லாம் போதும்னு அது சொல்ற பாஷை. நடுங்கிட்டு இருந்த நாய் சூடாகாமலே நடுக்கத்த நிறுத்திட்டு சோர்ந்து படுத்தா அது இன்னும் மோசம். நாய்க்கு சாதாரணமா உடம்புச் சூடு 38ல இருந்து 39 டிகிரி, 37க்கு கீழ போனா டாக்டருக்கு போன் பண்ற நேரம்.

கோட்டுல குறையும் இருக்கு. வெல்க்ரோல ஸ்னோ போய் அடைச்சுக்கிட்டு ரெண்டாவது நடைல ஒட்டவே மாட்டேன்னுச்சு, பழைய பல் பிரஷ் வச்சு தேய்ச்சேன். அதவிடப் பெரிய விஷயம், மேல் துணியில தண்ணி ஒட்டலைன்னாலும் ஓரத்து வழியா உள்ள ஃப்ளீஸ் நனைஞ்சுருச்சு. ஈரக் கோட்டோட நாய விடுறதுக்கு கோட்டே இல்லாம விடலாம், அந்த ஈரம் உடம்புச் சூட்ட உறிஞ்சிரும். அடுப்புப் பக்கத்துல தொங்கவிட்டு காய நாலு மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் மணிக்கு வெளில போக போட்டுக்க ஒண்ணுமில்ல. அதனால சொல்றேன், ஒரே ஒரு காஸ்ட்லி கோட்டுக்கு ரெண்டு சுமாரான கோட் மேல். வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டிருங்க, வயிறு, கக்கம், விரல் இடுக்கு எல்லாம் டவல்ல ஒத்தி எடுங்க. கோட் பட்டை முன்னங்கால் கக்கத்துல உரசி எங்களுக்கு லேசா சிவந்துருந்துச்சு, தினமும் பாருங்க.

பூட்ஸ்: காசு வேஸ்ட். பாத்ரூம் தரையில அழகா இருந்துச்சு, ஆழமான ஸ்னோல முதல் அஞ்சு நிமிஷத்துல பின்னங்கால் ரெண்டும் கழண்டுருச்சு, ஒண்ணு இன்னைக்கும் அந்தப் பண்ணையிலதான் எங்கயோ இருக்கு. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நிக்கும்னு பயம். வீட்டுல ரெண்டு மூணு வாரம் போட்டுப் பழக்கியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கலாம், ஆனா முந்தின நாள் வாங்கி மறுநாள் மாட்டுறவங்களுக்கு இது ஆகாது.

150 ரேண்ட் மெழுகுதான் என் மனசுல நின்னுச்சு. பாத மெத்தைக்கு நடுவுல இருக்கிற முடிய கத்தரிச்சு விட்டு இதத் தடவி அனுப்பினா ஸ்னோ உருண்டை உருண்டையா விரலுக்கு நடுவுல கட்டிக்கிறது ரொம்பக் குறைஞ்சுச்சு. தடவாம ஒரு தடவை போனப்போ கோலிக்குண்டு மாதிரி கட்டிக்கிட்டு நொண்டிட்டு வந்துச்சு. அப்படி ஆச்சுன்னா பிடிச்சு இழுக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணில காலை வைங்க, தானா கரையும். கொதிக்கிற தண்ணி வேண்டாம், காது நுனி, வால் நுனி ஜில்லுனு வெளுத்துப் போயிருந்தா தேய்க்கவும் வேண்டாம்.

கடையில யாரும் சொல்லாத ஒண்ணு. திங்கக்கிழமை பண்ணைக்காரர் பக்கி (பிக்கப்) வண்டிக்கு அடியில பச்சையா ஏதோ சொட்டு சொட்டா விழுந்து தேங்கியிருந்துச்சு, மணி மூக்க நீட்டிட்டு போச்சு, என் வீட்டுக்காரர் கயித்த ஒரே இழுப்பா இழுத்துட்டார். ரேடியேட்டர்ல ஊத்துற ஆன்டிஃப்ரீஸ், இனிப்பா இருக்கும், நாய் நக்கும், கொஞ்சம் போனாலே கிட்னி போயிரும். முதல்ல குடிச்சவன் மாதிரி தள்ளாடும், அப்புறம் சரியான மாதிரி தெரியும், அத நம்பி இருந்துறக் கூடாது, நக்குச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே டாக்டர்கிட்ட ஓடணும். பண்ணைக்காரர் பாவம், உடனே மண்ணப் போட்டு அள்ளி, தண்ணி ஊத்திக் கழுவிட்டார்.

சாப்பாடு விஷயம் சுருக்கமா. புரட்டாசி முதல் சனிங்கிறதால எங்க பக்கம் சாம்பார் சாதம், பக்கத்து வீட்டுக்காரங்க செவ்வாய்க்கிழமை ப்ராய் (தணல்ல கறி சுடுறது) போட்டு எலும்ப நீட்டினாங்க. சுட்ட எலும்பு உடைஞ்சு குடலக் கிழிக்கும்னு சொல்லி அன்பா வேண்டாம்னுட்டேன். சாம்பார்ல வெங்காயம் இருக்கு, அதுவும் கிடையாது. குளிருக்கு அதோட தீனியவே ஒரு கைப்பிடி கூடுதலா வச்சேன், வெதுவெதுன்னு தண்ணியும் வச்சேன், இல்லாட்டி ஸ்னோவ தின்னுட்டே இருக்கும், வயித்துக்கு ஆகாது.

மலைக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணு, டிராக்கன்ஸ்பெர்க் பார்க்குக்குள்ள நாய விடமாட்டாங்க, வெளில இருக்கிற பண்ணைகள்தான் நமக்கு. ரேபிஸ் ஊசிக் கார்ட கையில வச்சுக்கோங்க, எங்க குவாசுலு நேட்டால் மாகாணத்துல அந்த நோய் இன்னும் இருக்கு, ஊசி சட்டப்படி கட்டாயம். திரும்பி வந்தப்புறம் நாய் சோர்ந்து கிடந்தா குளிர்னு விட்டுறாம ஈறைப் பாருங்க, வெளுத்திருந்தா உண்ணி கடிச்சு வர்ற பிலியரிங்கிற நோயா இருக்கலாம், வெயில் வர வர உண்ணி கூடும்.

கோட்டுக்கு அஞ்சுக்கு நாலு, மெழுகுக்கு அஞ்சு, பூட்ஸுக்கு ஒண்ணு. ரெண்டாவது கோட் நான் வாங்கல. அத்தை பழைய கம்பளிய வெட்டி, மணிய மேசை மேல நிக்கவச்சு வயித்த அளந்து, வெல்க்ரோவுக்கு பதிலா பெரிய பட்டன் வச்சு தச்சுட்டாங்க. ஸ்னோ அடைக்காதுல்லன்னு கேட்டாங்க. அடைக்காது அத்தைன்னேன்.