கருவின் இதய ஸ்கேனும் ஜீன் டெஸ்டும்: கோத்தகிரிக் குடும்பம் ஒன்று ஏமாந்த இடங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிறு தேயிலை விவசாயக் குடும்பம், முதல் பிள்ளை. கீழே இறங்கி ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் 20-வது வாரத்தில், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுத்தார்கள். "குழந்தைக்கு எக்கோவும் சேர்த்தே பார்த்துடலாம்" என்று, இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் அந்த ஸ்கேனுக்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் இதயத்தைப் பற்றி இருந்தது ஒரே வரி: நான்கு அறைகளும் தெரிகின்றன, இயல்பு. இரண்டு வாரம் கழித்து, பனிக்குட நீரின் அளவு பார்க்க வேறோர் இடத்தில் ஸ்கேன் செய்தபோதுதான் குழந்தைக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற இதயக் கோளாறு (கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை குறுகல் என்று நான்கு குறைகள் சேர்ந்து வருவது) இருப்பது தெரிந்தது. பெருந்தமனி வளைவும் இடப்பக்கம் போகாமல் மூச்சுக்குழாய்க்கு வலப்பக்கமாகப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஜீன் டெஸ்ட் என்று சொல்லிப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு, இந்தக் கோளாறோடு சேர்ந்து வரும் குரோமோசோம் குறையைத் தேடவே தேடாத பரிசோதனையைச் செய்துவிட்டு, "எல்லாம் நார்மல், கவலைப்படாதீங்க" என்று போனில் சொல்லி முடித்துவிட்டார்கள். சரியான விடை கைக்கு வந்தபோது 29-வது வாரம். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரும் லேபின் பெயரும் இங்கே இல்லை. பெயரைவிட, எந்தெந்த இடத்தில் ஏமாற்ற முடிகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஸ்கேன். டெட்ராலஜியில் நான்கு அறைப் படம் பெரும்பாலும் ஒழுங்காகவே தெரியும். இதயச் சுவரிலுள்ள ஓட்டை பெருந்தமனிக்கு நேர் கீழே இருக்கிறது. நான்கு அறைகளும் தெரியும் குறுக்குவெட்டுப் படத்துக்கு அது மேலே போய்விடும். வலது கீழறைச் சுவர் தடிப்பதும் வயிற்றுக்குள் இருக்கும்போது பொதுவாகத் தெரியாது. ஆகவே நான்கு அறையோடு நிறுத்திக்கொண்டவர் 'இயல்பு' என்று எழுதினால், பெரிய ரத்தக் குழாய்களை அவர் பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் ஸ்கேன் கருவியைக் குழந்தையின் தலைப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்புவது தெரியும். அடுத்து வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி கிளம்பி அதைக் குறுக்கே கடப்பது, அதற்கும் மேலே மூன்று குழாய்களும் மூச்சுக்குழாயும் சேர்ந்து தெரியும் படம் என்று வரிசையாகக் கிடைக்கும். குழந்தை ஒத்துழைத்தால் கூடுதலாகச் சில நிமிட வேலைதான்.

ரத்தக் குழாய்க் கோளாறுகளைப் பிடித்துக் கொடுப்பது அந்தக் கடைசிப் படம். குழந்தையின் இடமிருந்து வலமாக நுரையீரல் தமனி, பெருந்தமனி, மேற்பெருஞ்சிரை என்ற வரிசையில், பெரியதிலிருந்து சிறியதாக, மூன்றும் நிற்க வேண்டும். முதல் இரண்டின் வளைவுகளும் மூச்சுக்குழாய்க்கு இடப்பக்கத்தில் 'வி' போலச் சேரும். பெருந்தமனி வளைவு வலப்பக்கம் போயிருந்தால் மூச்சுக்குழாய் நடுவில் மாட்டிக்கொண்டு 'யூ' வடிவம் வரும். வளைவு இரண்டாக இருந்தால் மூச்சுக்குழாயைச் சுற்றி வளையமே விழுந்திருக்கும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் வலக்கைக்குப் போகும் தமனி மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறதா என்பதும் தெரியும். இதே உயரத்தில், மார்பெலும்புக்குப் பின்னால், நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி இருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அது சிறுத்திருந்தால், பின்னால் சொல்லப்போகும் 22-வது குரோமோசோம் குறை இருக்கலாம் என்பதால், ஜீன் பரிசோதனை பற்றிய பேச்சை அன்றைக்கே தொடங்க வேண்டும்.

இந்தக் குடும்பத்திடம் இருந்த பிரிண்ட்டில் தலை, வயிறு, தொடையெலும்பு அளவுகள் எல்லாம் படத்தோடு இருந்தன. இதயத்துக்கு இருந்தது ஒரே படம், அதுவும் நான்கு அறை. எக்கோவுக்குப் பணம் வாங்கியவர்கள் எக்கோ ரிப்போர்ட் என்று தனியாக எதுவும் தரவில்லை. கருவின் எக்கோ என்பது தனி ரிப்போர்ட்டாகவே வர வேண்டும். சிரைகள் எங்கே வந்து சேர்கின்றன, பெருந்தமனி வளைவு எந்தப் பக்கம், இரண்டு பெருங்குழாய் வால்வுகளின் அளவு, பிறக்கும்வரை நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் டக்டஸ் குழாயில் ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்கும். செய்ய வேண்டியவர் கரு மருத்துவ நிபுணர் அல்லது குழந்தைகள் இதய மருத்துவர். பணம் கட்டுவதற்கு முன்பே "யார் பார்ப்பாங்க, தனி ரிப்போர்ட் வருமா, மூன்று குழாய்ப் படம் பிரிண்ட்டில் இருக்குமா" என்று கேளுங்கள். குழந்தை கவிழ்ந்து கிடந்தாலோ, தாயின் வயிற்றுச் சுவர் தடித்திருந்தாலோ படம் சரியாக வராமல் போகலாம். "இன்றைக்குத் தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறவர் நேர்மையானவர். அவர்மேல் கோபப்பட வேண்டாம், மறுபடி போங்கள்.

தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை, முந்தைய குழந்தைக்கோ பெற்றோருக்கோ இதயக் கோளாறு, 11 முதல் 14 வார ஸ்கேனில் கழுத்துப் பின் நீர் 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் குழந்தை, வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை: இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரும் சொல்லக் காத்திருக்காமல் எக்கோவை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

பயமுறுத்திப் பணம் பறிப்பதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வலக்கைத் தமனி பின்பக்கமாகப் போவது நூற்றில் ஒருவருக்கு இருக்கக்கூடியது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க அதனால் தொந்தரவே வராது. வளைவு வலப்பக்கம் இருந்து இதயம் முழுக்க நன்றாக இருந்தால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். பிறந்தபின் மூச்சில் கரகர சத்தமோ, விழுங்கும்போது திணறலோ வந்தால் ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எடுத்து, மூச்சுக்குழாயைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருவின் ஸ்கேனில் இந்த இரண்டில் ஒன்று தென்பட்டால் மற்ற உறுப்புகளையும் கவனமாகப் பார்த்து, ஜீன் பரிசோதனை பற்றி நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். அன்றைக்கே பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துபவரிடம் கட்டாதீர்கள்.

இனி ரத்தப் பரிசோதனை. இரண்டாவது ஸ்கேன் முடிந்த அன்றே லேப் ஆள் ஒருவர் அந்தத் தம்பதியிடம் வந்து, "ஊசி போட்டு வயித்துத் தண்ணி எடுத்தா கரு கலைஞ்சிடும், கையில ரத்தம் எடுத்தாலே எல்லா ஜீனும் தெரிஞ்சிடும்" என்றார். அவர் விற்றது என்ஐபிடி. தாயின் ரத்தத்தில் மிதக்கும் நச்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் சோதனை அது. அடிப்படைத் தொகுப்பில் பார்ப்பது 21, 18, 13 ஆகிய குரோமோசோம்கள் கூடியிருக்கின்றனவா என்பதைத்தான். டவுன் சிண்ட்ரோமைச் சலித்துப் பார்க்க நல்ல சோதனை, குறையே சொல்ல மாட்டோம். ஆனால் இதயத்தில் கோளாறு கண்ணுக்கே தெரிந்துவிட்ட பிறகு அது போதாது. அதுவும் சலித்துப் பார்க்கும் சோதனைதான், உறுதி செய்யும் சோதனை இல்லை. சில லேப்கள், குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போகும் நுண்நீக்கங்களையும் கூடுதல் கட்டணத்தில் சேர்க்கின்றன. அதில் 'ஆபத்து அதிகம்' என்று வந்தாலும் பனிக்குட நீர் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

டெட்ராலஜி உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு 22-வது குரோமோசோமில் 22 கியூ 11.2 என்ற இடத்தில் ஒரு துண்டு இருக்காது. வளைவும் வலப்பக்கம் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அந்தத் துண்டின் வழக்கமான நீளம் சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். குரோமோசோம்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் சாதாரண காரியோடைப்பில் மைக்ராஸ்கோப் வழியே கண்ணுக்குப் படுவது 50 லட்சம், ஒரு கோடி அளவுக்கு மேற்பட்ட மாற்றங்கள். ஆகவே காரியோடைப் 'நார்மல்' என்று வந்தால் இந்தத் துண்டு இருக்கிறது என்று பொருள் இல்லை. இதைப் பிடிப்பது, இத்தகைய சிறு துண்டுகளையும் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ சோதனைகளான மைக்ரோஅரே, எம்எல்பிஏ, அல்லது 22-க்கென்றே தனி ப்ரோப் (அந்த இடத்தில் போய் ஒட்டி ஒளிரும் டிஎன்ஏ துணுக்கு) போட்ட ஃபிஷ்.

'22-க்கென்றே' என்பதைக் கவனியுங்கள். இந்தக் குடும்பம் ஜீன் டெஸ்டில் இரண்டாம் முறை ஏமாந்த இடம் அதுதான். என்ஐபிடி முடிவுக்காக நாட்கள் போய், கடைசியில் 24-வது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தார்கள். லேப் படிவத்தில் டிக் அடிக்கப்பட்டிருந்தவை காரியோடைப்பும் 'ஃபிஷ்' என்ற பெட்டியும். அந்த ஃபிஷ் 13, 18, 21, எக்ஸ், ஒய் ஆகிய ஐந்தை மட்டும் எண்ணுவது. இரண்டிலும் 'நார்மல்' வந்தது. குழந்தைகள் இதய மருத்துவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து 22 எங்கே என்று கேட்ட பிறகே, லேபில் மீதமிருந்த டிஎன்ஏவில் மைக்ரோஅரே செய்யப்பட்டது. துண்டு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலிலேயே மைக்ரோஅரேக்கு டிக் அடித்திருந்தால், அதே ஊசியில் எடுத்த நீரிலேயே விடை கிடைத்திருக்கும், இத்தனை வாரங்களும் போயிருக்காது.

ஊசியைப் பற்றிச் சொல்லப்படும் பயம் மிகை. 15 வாரம் முடிந்தபின், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. முதலில் வரும் ஓரிரு மில்லியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும், தாயின் செல் கலந்திருக்கலாம். தாயின் ரத்தத்தையும் கூடவே அனுப்பி, கலப்படம் இல்லை என்று லேப் உறுதி செய்ய வேண்டும். பெற்றோர் இருவரின் ரத்தமும் ஊதா மூடிக் குழாயில் போகட்டும். மைக்ரோஅரேயில் பொருள் புரியாத மாற்றம் வந்தால் ஒப்பிட உதவும். தாயின் ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். படிவம் 'ஜி' என்ற ஒப்புதல் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "ஆணா பெண்ணான்னு சொல்றோம், கொஞ்சம் சேர்த்துக் குடுங்க" என்று எவராவது பேசினால் அது குற்றம், எழுந்து வந்துவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனை பரவலாக நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சோதனை இதயத்தைப் பற்றியோ 22-வது குரோமோசோமைப் பற்றியோ எதுவும் சொல்லாது. "ஜீன் டெஸ்ட் ஏற்கெனவே பண்ணியாச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள் நடக்கும் அநியாயம். "சொந்தத்துல கட்டினதால வந்தது", "அவ ஏதோ சாப்பிட்டா" என்று மருமகள் தலையில் போடுகிறார்கள். 22 கியூ 11.2 நீக்கம் பத்தில் ஒன்பது பேருக்குப் புதிதாக, கரு உருவாகும்போதே, யார் தவறும் இல்லாமல் வருகிறது. மீதிப் பேருக்கு அப்பா அல்லது அம்மாவிடமிருந்து வரும். அவர்களுக்கே இருப்பது தெரியாமல் இருக்கலாம். அதனால் பெற்றோர் இருவரையும் சோதிக்க வேண்டும். ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் மிகக் குறைவு.

காலம் ஏன் இத்தனை முக்கியம்? கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, 24 வாரத்தைத் தாண்டினால் கடுமையான குறைபாட்டுக்காகக் கருவைக் கலைப்பதை மருத்துவக் குழுமம்தான் முடிவு செய்ய முடியும். இந்தத் தம்பதி பிள்ளையைப் பெற்றுக்கொள்ளவே விரும்பினார்கள். அப்படி விரும்புகிறவர்களுக்கும் காலம் வேண்டும், முக்கியமாக மலையில் இருப்பவர்களுக்கு. ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 85 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். பிறந்தவுடன் டக்டஸ் குழாய் மூடாமல் வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் சொட்டு தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அந்த மருந்து மூச்சை நிறுத்தக்கூடியது என்பதால் வென்டிலேட்டர் தயாராக இருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கீழே இறங்கி, குழந்தை இதய அறுவை வசதியுள்ள ஊரில் தங்கிவிடுவது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அதற்கு முன்பே சரிபார்த்து வையுங்கள்.

மலையிலேயே பிறந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குப் பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தில் எண் சற்றுக் குறைவது உண்டு. ஆனால் கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் "ஊட்டியில அப்படித்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். 22 நீக்கம் உறுதியான குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம், முதல் நாட்களில் ரத்தத்தில் பார்க்க வேண்டும். நோயை எதிர்க்கும் டி செல்களின் அளவு தெரியும் வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு ஆகிய உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்த உடனேயே வழக்கமாகப் போடப்படுபவை. முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் நர்ஸ் போட்டுவிடுவார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் கதிர்வீச்சு செலுத்திய ரத்தத்தையே ஏற்றச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, ரிப்போர்ட், பிரிண்ட் படங்கள், போன் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்கேன் மையத்தில் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குக் கொடுங்கள். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்: மையம் கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.