கூடியாட்டம்: குடும்பம் காப்பதா, கலாமண்டலம் காப்பதா?

கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தை யுனெஸ்கோ 2001-இல் அங்கீகரித்தது. அதைக் காப்பது யார் பொறுப்பு என்பதற்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு.

பழைய வழியில் சாக்கியார் குலத்தவர் நடிப்பார், நம்பியார் குலத்தவர் மிழாவு என்ற பானை வடிவ மேளம் கொட்டுவார், அந்தக் குலத்துப் பெண்ணான நங்கையார் பெண் வேடம் ஏற்பார். பயிற்சி வீட்டிலேயே, மேடை கோயில் கூத்தம்பலம். விளக்கில் மூன்று திரி: இரண்டு நடிகரைப் பார்த்து, ஒன்று நம்மைப் பார்த்து. மிழாவுக்குப் பூணூல் சடங்கு நடக்கும். பழுதானால் அடக்கமும் உண்டு! ஒரு நாடகம் முழுமையாக முடிய 40 நாள் வரை ஆகலாம். இந்த நிதானம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் கோயில் வருமானம் சுருங்கியதும் பாரம் முழுவதும் சில வீடுகளின் தலையில் விழுந்தது. பிள்ளை வேறு வேலைக்குப் போனால், அதோடு சரி.

இன்னொன்று, நிறுவன வழி. 1930-இல் தொடங்கிய கேரளக் கலைப்பள்ளியான கலாமண்டலத்தில் 1965 முதல் பைங்குளம் ராம சாக்கியார் கூடியாட்டம் கற்பித்தார். சாதிக் கதவு திறந்தது, ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது. இழப்பும் உண்டு: 40 நாள் ஆட்டம் ஒரு மாலைக்குள் அடங்கிவிடுகிறது.

எனக்குக் கலாமண்டலத்தின் பக்கமே சாய்வு. ஆனால் மாணவர் கையில் இருக்கும் ஆட்டப்பிரகாரம், அதாவது நடிப்புக் கையேடு, அந்த வீடுகளின் ஓலைச்சுவடிகளிலிருந்து வந்ததுதான். அப்புறம், எந்த வழியானாலும் மூன்றாவது திரிக்கு எதிரே யாராவது உட்கார வேண்டும்.