மேகத்தைப் பார்த்தால் வகுப்பை ரத்து செய்யும் பள்ளி: என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அனுபவம்

பயிற்சிப் பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் தகுதி) கிடைத்துவிட்டது. ஆனாலும் பள்ளிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்தான் கொடுப்பேன். அதில் இரண்டு, கடைசி இரண்டு மாதம் என்னோடு பறந்த பயிற்றுநருக்கு மட்டும்.

தனியார் விமானி உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வெளியே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், மேகத்துக்குள் நுழையவே கூடாது என்கிற வகை உரிமம். ஒரு மாலை திரும்பி வரும்போது மேகத்தின் அடிப்பகுதி இறங்கிக்கொண்டே வந்தது. நானும் அதற்குக் கீழே கீழே என்று ஒதுங்கி, 3,000 அடியில் இருந்தவன் 1,400 அடிக்கு வந்துவிட்டேன். வழியில் தெரிந்த ஒரு ஓடுபாதையில் இறங்கி எஞ்சினை அணைத்த பிறகுதான் கை நடுங்குவதைக் கவனித்தேன்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை, மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில். ஒரு பாட்டு முடியும் நேரம்கூட இல்லை. அன்று இரவு அதைப் படித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே அந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

பாட வகுப்பும் சிமுலேட்டரும் குறை சொல்ல முடியாது. ஹோல்டிங்கில் (இறங்க முறை வரும்வரை வானில் ஒரே இடத்தைச் சுற்றிக் காத்திருப்பது) எந்தப் பக்கத்திலிருந்து எப்படி நுழைவது என்று குழம்பிக்கொண்டிருந்தவனுக்கு சிமுலேட்டரில் நாலே நாளில் தெளிந்தது. நடுவில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பறக்கலாம். விமானத்தில் அந்த வசதி கிடையாது.

குறை ஹூட்டில் ஆரம்பிக்கிறது. வெளியே எதுவும் தெரியாமல் கருவிகள் மட்டும் தெரியும்படி நெற்றியில் மாட்டிக்கொள்ளும் மறைப்புதான் ஹூட். அதையே கண்ணாடி வடிவில் செய்தால் ஃபாகிள்ஸ்: மேல்பாதி மங்கல், கீழ்ப்பாதி தெளிவு. இதைப் போட்டுக்கொண்டு 28 மணி நேரம் ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன், ஊசி நகராது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது: நான் என்னை அறியாமல் திருடிக்கொண்டிருந்தேன். விமானம் திரும்பினால் கருவிப் பலகையின் மேல் விழும் வெயிலும் நகரும். ஓரத்தில் ஒரு கீற்று நீலம் தெரியும். மூளைக்கு அது போதும். மேகத்துக்குள் வெயிலும் கிடையாது, கீற்றும் கிடையாது.

சரி, நிஜ மேகத்துக்குள் எப்போது போவோம் என்று முதல் பயிற்றுநரிடம் நாலைந்து முறை கேட்டேன். காலையில் வானம் மூடியிருந்தாலே செய்தி வந்துவிடும்: "இன்னைக்கு மேகமா இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்." குளத்தில் தண்ணீர் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று நீச்சல் வகுப்பில் சொன்னால் எப்படி இருக்கும்? இடிமேகம் என்றாலோ, மேகத்துக்குள் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய் இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும் என்றாலோ போகக்கூடாதுதான். அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் போர்வை விரித்தது போல அமைதியாகக் கிடக்கும் மேக அடுக்கு, அதுவும் வெதுவெதுப்பான நாளில்? அதையும் இதையும் ஒரே கணக்கில் சேர்த்து ரத்து செய்தார்கள்.

விதியும் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. கேட்பது 40 மணி நேரக் கருவிப் பறத்தல். அது நிஜ மேகத்திலும் இருக்கலாம், ஹூட்டுக்குள்ளும் இருக்கலாம். மேகத்தைத் தொடாமலேயே மேகத்தில் பறக்கும் தகுதியை வாங்கிவிட முடியும் என்பதுதான் இதன் அர்த்தம்.

அப்புறம் பயிற்றுநர் மாறினார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக்புக்கைப் புரட்டிவிட்டு, "நிஜ மேகத்துல எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். பூஜ்யம் என்றேன். அடுத்த வாரமே ஒரு நாள், அடிப்பகுதி 1,200 அடியில், மேல்பகுதி 4,000 அடியில் என்று ஓர் அடுக்கு. திட்டம் கொடுத்து, அனுமதி வாங்கி, கிளம்பினோம்.

முதலில் சில பிசிறுகள் கண்ணாடியை விருட்டென்று கடந்தன. பிறகு எல்லாமே ஒரே வெள்ளை. இறக்கை நுனியின் ஸ்ட்ரோப் விளக்கு மேகத்தில் பட்டுப் பளிச் பளிச்சென்று முகத்தில் அடித்தது, அவர் கையை நீட்டி அதை அணைத்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, அதேதான். விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உடம்பு சத்தியம் செய்கிறது. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானமோ இறக்கை சமமாக இருக்கிறது என்கிறது. நான் கருவியைத்தான் நம்பினேன், சமமாகவே வைத்திருந்தேன். ஆனால் அவர் சிரித்தார். "நீங்க கதவுல சாஞ்சு உட்கார்ந்திருக்கீங்க." பார்த்தால், என் இடது தோள் கதவை அழுத்திக்கொண்டிருக்கிறது.

காரணம் உள்காது. அங்கே இருக்கும் அரைவட்டக் குழாய்த் திரவம் மெதுவான திருப்பத்தை உணர்வதில்லை. நான் தெரியாமல் மெல்ல இடப்பக்கம் சரிந்திருக்கிறேன், காது சொல்லவில்லை. கருவியைப் பார்த்துச் சட்டென்று நேராக்கியதும், வலப்பக்கம் சாய்ந்துவிட்டாய் என்று அலறுகிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறோம், இவ்வளவு நேரடியான பொருளில் நினைத்ததில்லை. தீர விசாரிப்பதற்குத்தான் ஆறு கருவிகள். அந்தக் கருவிகளே போனால் என்ன செய்வது என்பதற்கும் பயிற்றுநர் ஒரு பாடம் வைத்திருந்தார்: மேகத்துக்குள்ளேயே செயற்கை அடிவானத்தையும் திசைகாட்டும் ஜைரோவையும் ரப்பர் மூடியால் மறைத்துவிட்டார். பல சிறு விமானங்களில் இந்த இரண்டும் ஒரே வேக்குவம் பம்ப்பை நம்பியிருப்பவை, பம்ப் போனால் இரண்டும் போகும். அப்போது திருப்பத்தை அளக்கக் கைகொடுப்பவை, திரும்பும் வேகத்தைக் காட்டும், மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டரும் கடிகாரமும். நொடிக்கு 3 டிகிரி, ஆக 90 டிகிரி திரும்ப 30 நொடி. எண்ணி எண்ணித் திரும்பினேன்.

விமானத்தின் ஸ்டீயரிங் போன்ற யோக்கை நான் இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்து, ஒரு பென்சிலை என் விரல்களுக்கு நடுவே மேலும் கீழுமாகக் கோத்துவிட்டார். இறுக்கினால் வலிக்கும். மூன்றாவது நாள் பென்சில் இருப்பதே மறந்துவிட்டது.

ஓடுபாதைக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். வழியில் இறங்கிய முதல் நிஜ அப்ரோச்சைப் (தரையிறங்க ஓடுபாதையை நெருங்குவது) பற்றி நிறைய எழுதலாம். 3 டிகிரி சரிவில் இறங்கிக்கொண்டே இருக்கிறோம், தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் விளக்குகள் தெரியாவிட்டால் பவரைக் கூட்டி மேலே போய்விட வேண்டும். 500 அடியில் வெள்ளை. 400 அடியிலும் வெள்ளை. 300க்குக் கொஞ்சம் மேலே, நேர் எதிரே விளக்கு வரிசை. நான் சத்தமாக ஏதோ சொல்லியிருக்கிறேன், என்ன என்று இப்போது ஞாபகம் இல்லை.

ரேட்டிங் தேர்வு அன்று என் லாக்புக்கில் நிஜ மேகம் 6.8 மணி நேரம். போதாது. ஆனால் அந்த 6.8தான் எனக்குத் தைரியம் கொடுத்தது, 28 அல்ல. சேருவதற்கு முன் எந்தப் பள்ளியிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் நிஜ மேகத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் பறக்கிறார்கள்? பதிலில் எண் வராவிட்டால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். ரேட்டிங் வாங்கிய பிறகும் ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச்சும் ஹோல்டிங்கும் செய்துகொண்டே இருக்க வேண்டும், ஆகவே அந்தப் பயிற்றுநரோடு மாதம் ஒரு முறை போவதாக இருந்தேன். நானாகத் தனியே போகும்போது, மேகத்தின் அடிப்பகுதி 800 அடிக்குக் கீழே இருந்தால் கிளம்புவதில்லை.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்திருந்த வாரத்தில் அவர் ஒரு விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எனவே மேலே கொடுத்த மூன்றரையில் இரண்டைக் கழித்துக்கொள்ளவும்.