பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மாஸ்’, முதல் இரண்டு பாகம்: நம்ம பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பியானோ பழகுபவர்களுக்கான பயிற்சிப் புத்தகம் இது, கீபோர்டிலும் வாசிக்கலாம். வாங்கலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். மாஸ்டரோ, கொஞ்சம் நோட்ஸ் (இசைக்குறிப்பு) படிக்கத் தெரிந்த அப்பா அம்மாவோ இல்லாமல் பிள்ளை கையில் கொடுத்தால் ரெண்டாவது வாரம் அலமாரிக்குப் போய்விடும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கீபோர்டு படிக்கிற பிள்ளைகளிடம் பொதுவாக இருப்பது மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வுப் புத்தகம், அப்புறம் சபையில் வாசிக்க பாமாலை, கீர்த்தனை. தேர்வுக்கு நாலைந்து பாட்டை மாதக்கணக்கில் உருப்போட்டு மார்க் வாங்கிவிடுகிறார்கள். புதுசாக ஒரு பக்கத்தை நீட்டினால் முழிக்கிறார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இதை வாங்கினேன். ஹங்கேரிக்காரர் பெலா பார்டோக் எழுதியது, ஆறு பாகம், மொத்தம் 153 துண்டுகள். ஆரம்பத்தில் இருப்பவை அரைப் பக்கம்கூட வராது.

முதல் ஆறு துண்டிலும் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். “அப்பா, இதுல பாட்டே இல்லையே” என்றாள் மகள். உண்மைதான், படம் கிடையாது, கலர் கிடையாது, தெரிந்த ட்யூனும் கிடையாது. ஆனால் 12ஆம் எண்ணுக்கு வந்தபோது ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கை ஏறினால் இடது கை இறங்குகிறது, கண்ணாடிப் பிம்பம் மாதிரி. 28இல் ஒரு கை சொன்னதை மற்ற கை கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்கிறது, அதற்குள் முதல் கை அடுத்த வரிக்குப் போயிருக்கும். இடது கைக்கு ‘கார்டு’ (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிப்பது மட்டும்தான் வேலை என்று பழகிய பிள்ளைகளுக்கு இங்கேதான் வியர்க்கும். கீபோர்டில் தானாகத் தாளமும் பின்னணியும் தருகிற ஸ்டைல் பட்டனைத் தட்டிவிட்டு ஒப்பேற்றவும் முடியாது.

விளக்கம் ஏன் இல்லை என்றால், அது ஆசிரியர் வேலை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார் மனுஷன். அவருக்கு அது சரி, 1933இல் தன் ஒன்பது வயது மகன் பீட்டருக்கு அவரே வாத்தியார். முதல் இரண்டு பாகமும் அந்தப் பையனுக்குத்தான் சமர்ப்பணம்.

இந்தப் புத்தகம் வெளிவந்த கதையையும் சொல்ல வேண்டும். 1926இல் தொடங்கிய வேலை 1939 வரை இழுத்தது. இடையில் 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். பார்டோக்கின் பதிப்பகம் யூனிவர்சல் எடிஷன் இருந்தது வியன்னாவில். அதை நடத்தியவர்களை வெளியே தள்ளிவிட்டு நாஜிகள் உள்ளே வந்துவிட்டார்கள். இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் அங்குள்ள சங்கமோ, நீ ஜெர்மன் ரத்தமா, இல்லையா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. பார்டோக்கும் அவர் நண்பரான இசையமைப்பாளர் கோடாயும் அதை நிரப்ப மறுத்தார்கள். சேதி தெரிந்து லண்டனில் இருந்து பூஸி அண்ட் ஹாக்ஸ் பதிப்பகத்தின் ரால்ஃப் ஹாக்ஸ் விமானம் ஏறி புடாபெஸ்டுக்கே வந்து பேச, பார்டோக் அந்தப் பதிப்பகத்துக்கு மாறினார். அடுத்த வருஷம் செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது. எழுதியவர் புடாபெஸ்டில், பதிப்பகம் லண்டனில். அங்கே காகிதத்துக்கே கட்டுப்பாடு வந்த 1940இல் ஆறு பாகமும் வெளியாகின, அதுவும் சின்னப் பிள்ளைகளின் விரல் பயிற்சிக்கான நோட்ஸ்! அதே ஆண்டு அக்டோபரில் அவர் நாட்டை விட்டே கிளம்பி நியூயார்க் போய்விட்டார். 1945இல் அங்கேயே இறந்தார்.

நமக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டு பதிவு செய்தவர் என்பதால் மேற்கத்திய இசையில் வழக்கமான மேஜர், மைனர் ஸ்கேலோடு அவர் நிற்பதில்லை. 37ஆம் எண் லிடியன் என்கிற ஸ்கேல், நம் கல்யாணி ராகத்தின் சுரங்கள். 34 ஃப்ரிஜியன், அதாவது தோடி. சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, ஐந்து விரலுக்குள் அடங்குகிற வாசம்தான். நாலாம் பாகத்தில் 113ஆம் எண் பல்கேரியத் தாளம், ஏழு எண்ணிக்கை. மிருதங்கம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன், “மாமா, இது மிஸ்ர சாப்பைத் திருப்பிப் போட்டதுல்லா” என்று தொடையில் தட்டிக் காட்டிவிட்டான்: தக திமி தகிட. (மிஸ்ர சாப்பு நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளம்: தகிட தக திமி.) மேற்கத்திய முறையில் மட்டும் படித்த பெரியவர்களே அந்த ஏழில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறை? விலை. இவ்வளவு மெலிந்த புத்தகத்துக்கு அது அதிகம்தான். இங்கே கடையில் ஆர்டர் பண்ணிக் காத்திருக்க வேண்டும் என்பதால் ஆன்லைனில் வாங்கினேன். மூலை மடங்கிய பிரதியை அனுப்பிவிட்டு, மாற்றித் தர முடியாது என்று அந்தக் கடை கையை விரித்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தாள் நமுத்துப் போகும், பிளாஸ்டிக் அட்டை போடுங்கள்.

61 கட்டை கீபோர்டே போதும், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறையும் மாடலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதி விஷயம் வீண். ஆறு பாகத்தையும் மொத்தமாக வாங்காதீர்கள், ஐந்தும் ஆறும் மேடையில் வாசிப்பவர்களுக்கானவை. கிரேடு தேர்வு நெருங்கி நிற்கிறது என்றால் இப்போதைக்கு விட்டுவிட்டு, பெரிய லீவில் ஒன்றாம் பாகத்தை மட்டும் தொடங்குங்கள்.