ரேகன்ஸ்பூர்க் பழைய நகரம்: எதற்குக் காசு, எதற்குக் கால்?

ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் ரேகன்ஸ்பூர்க் நகரத்தை ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். முடித்துவிடலாம்தான், ஆனால் அது பார்த்ததாகாது. சென்ற அக்டோபரில் நானும், பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரும் அங்கே இரண்டு பகலும் ஓர் இரவும் தங்கினோம். காசு கொடுத்து மூன்று வழிகாட்டிச் சுற்றுகளில் சேர்ந்தோம். அவற்றில் ஒன்று வீண். மற்ற இரண்டும் கொடுத்த காசுக்கு மேலாகவே தந்தன. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், நியூரம்பெர்கிலிருந்து ஒரு மணி நேரம். பவேரியா முழுவதும் வட்டார ரயில்களில் ஒரு நாள் செல்லுபடியாகும் சீட்டை எடுத்தால், இரண்டு பேருக்குத் தனித்தனிச் சீட்டு எடுப்பதைவிட மலிவு. வார நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லும் என்பதை மறக்கக் கூடாது. ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரம் கால் மணி நேர நடை. சக்கரப் பெட்டியை இழுத்துச் செல்லலாம் என்று நாங்கள் நினைத்தது தவறு. தெருவெங்கும் பாவிய கற்கள் பெட்டியின் ஒரு சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டன. தோளில் மாட்டும் பையும், அடிப்பாகம் தடித்த காலணியும் இங்கே மிகவும் அவசியம்.

முதலில் வீணான சுற்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் முன்பதிவு செய்த இரண்டு மணி நேர நடைச் சுற்று அது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாற்பது பேருக்குக் குறையாத கூட்டத்தைக் கொடியைக் காட்டி ஓட்டிச் சென்றார்கள். கோலியாத்து வீட்டின் சுவரில் 16ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட தாவீது, கோலியாத்து ஓவியத்தின் முன் படமெடுக்கக் கால் மணி நேரம், நினைவுப் பொருள் கடை ஒன்றில் இருபது நிமிடம். பேராலயத்தின் வாசல் வரை கொண்டுபோய்விட்டு உள்ளே நுழையவே இல்லை. பாலத்தைக் கட்டியவனும் பேராலயத்தைக் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் வைத்தார்களாம். பாலக்காரன் சாத்தானின் துணையோடு வென்றானாம். கூலியாக முதலில் பாலத்தைக் கடக்கும் மூன்று உயிர்களைச் சாத்தான் கேட்க, சேவலையும் கோழியையும் நாயையும் ஓடவிட்டு ஏமாற்றினானாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலம் 1146இல் முடிந்துவிட்டது, இன்றைய பேராலயத்தின் பணி தொடங்கியதோ 1273 வாக்கில் என்பதை வழிகாட்டி சொல்லவில்லை. பந்தயம் வைத்தவர்களில் ஒருவர் மண்ணுக்குள் போன பிறகே மற்றவர் பிறந்திருக்க வேண்டும்.

அந்தக் கல்பாலத்துக்குக் கட்டணம் கிடையாது. காலையில் ஒரு முறையும் இருட்டிய பின் ஒரு முறையும் போய் வாருங்கள். 1135ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து ஆற்றில் நீர் வெகுவாக இறங்கியபோது அடித்தளம் போட்டார்கள். பதினோரு ஆண்டில் பாலம் நிறைவேறியது. அதன் பிறகு ஏறத்தாழ 800 ஆண்டுகள் இந்நகரில் டான்யூபைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். 1189இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா மூன்றாம் சிலுவைப் போருக்குப் படையோடு கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படையைத் தடுப்பதற்காக ஜெர்மன் ராணுவமே இதை இரண்டு இடங்களில் வெடி வைத்துத் தகர்த்தது. 2010இல் தொடங்கிய பெரிய சீரமைப்பு 2018இல் முடிந்தது. இப்போது கார்களுக்கும் பேருந்துகளுக்கும் அனுமதி இல்லை, நடப்போரும் மிதிவண்டிகளுமே.

மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி வெகு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தூணின் அடியையும் ஓட வடிவத்தில் ஒரு கல் திட்டு சூழ்ந்திருக்கிறது. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே கிடைக்கும் குறுகிய வழியில் ஆறு பச்சையும் வெள்ளையுமாக நுரைத்துப் பாய்ந்து, பாலத்தைத் தாண்டியதும் சுழலாகச் சுற்றுகிறது. "தூணடி அரிக்காம இருக்கக் கல்லைக் கொட்டியிருக்காங்க, மாப்பிள்ளை. கொட்டின கல்லே வழியை அடைச்சு வேகத்தை ஏத்திருச்சு. வேகம் ஏறினா இன்னும் அரிக்கும், இன்னும் கொட்டணும்" என்றார். நடந்ததும் அதுதான். நூற்றாண்டுகள் போகப் போகத் திட்டுகள் பருத்தன. பெரிய கப்பல்கள் இன்று வடக்கே வெட்டிய கால்வாய் வழியாக நகரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இந்தச் சுழல்களைக் காட்டுவதற்கென்றே சிறு படகுச் சவாரி இருக்கிறது. பாலத்தின் மேல் நின்றே அவை நன்றாகத் தெரிவதால் நாங்கள் ஏறவில்லை.

பாலத்துக்குப் பதினாறு கண் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. மாமனார் எண்ணிப் பார்த்ததில் பதினைந்துதான் வந்தது. திரும்ப எண்ணினார், அப்போதும் பதினைந்துதான். விடை பாலத்தின் தென்முனையில், 1616க்கும் 1620க்கும் இடையே கட்டிய உப்புக் கிடங்கில் இருக்கிறது. அந்தக் கிடங்கைக் கட்டியபோது முதல் கண் அதற்குள் அடங்கிப்போயிற்று. யுனெஸ்கோ 2006இல் இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கான பார்வையாளர் மையம் இப்போது இந்தக் கிடங்கில்தான் இயங்குகிறது. நுழைவு இலவசம். எந்தச் சுற்றிலும் சேருமுன் இங்கே அரை மணி நேரம் செலவிட்டால் நகரத்தின் அமைப்பு மனத்தில் பதிந்துவிடும்.

கிடங்கை ஒட்டி, ஆற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒடுங்கி நிற்பது ஹிஸ்டாரிஷே வூர்ஸ்ட்குக்ல் என்ற சாசேஜ் அடுக்களை. விரல் நீளப் பன்றி இறைச்சிச் சாசேஜ்களைக் கரியடுப்பில் சுட்டு, புளிக்க வைத்த முட்டைக்கோசின் மேல் அடுக்கி, இனிப்புக் கடுகுத் துவையலோடு தருகிறார்கள். வெளியே நீண்ட பலகைகளில் முன்பின் தெரியாதவர்களோடு தோளுரசி உட்கார வேண்டும். புகை உடையில் ஏறிக்கொள்ளும். சாசேஜின் தோல் பல்லில் பட்டதும் வெடித்து, மார்ஜோரம் இலையின் மணம் எழுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுப்புச் சூடு ஏறிய முட்டைக்கோசின் புளிப்பு. டான்யூப் பெருகி வந்த ஆண்டுகளை இந்தக் கட்டடத்தின் சுவரில் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். சில கோடுகள் தலைக்கு மேலே இருக்கின்றன. மாமனார் சைவம். இந்த ஊர்ப்பக்கத்தில் முட்டைக்கோசைப் பன்றிக் கொழுப்பில் வேகவைக்கும் வழக்கம் உண்டு என்பதால் அதையும் அவர் தொடவில்லை. வேறோர் உணவகத்தில் கேஸ்ஷ்பெட்ஸ்லே கிடைத்தது. முட்டை கலந்த மாவில் செய்த கட்டையான நூடுல்ஸ், உருக்கிய பாலாடைக்கட்டி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். முட்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. வெளியே 105 மீட்டர் உயரம் எழும் இரட்டைக் கோபுரங்களின் மேல்பகுதி 1859க்கும் 1869க்கும் இடையே, முன்னாள் பவேரிய மன்னர் முதலாம் லூட்விக்கின் ஆதரவில் முடிந்தது. கீழே நிற்கும் கல்லோ அதற்கு ஐந்தாறு நூற்றாண்டு மூத்தது. உள்ளே நுழைந்ததும் இருட்டு; கண் பழகப் பழக 13, 14ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள் நீலமும் சிவப்புமாகத் துலங்குகின்றன. நடுவில் ஒரு தூணில் கபிரியேல் தூதர், எதிர்த் தூணில் மரியா. 1280 வாக்கில் செதுக்கிய அந்தத் தூதர் பல் தெரியச் சிரிக்கிறார். நல்ல சேதி கொண்டுவந்தவன் அதைச் சொல்லுமுன்பே முகத்தில் காட்டிவிடும் சிரிப்பு அது. தலைக்கு மேலே 2009இல் அமைத்த ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி, தரையில் ஊன்றாமல் எஃகு வடங்களில் தொங்குகிறது. வாசிப்பவர் மின்தூக்கியில் ஏறித்தான் அதை அடைகிறார். 975ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த பாடகர் குழுவான டோம்ஷ்பாட்சன், பள்ளி நடக்கும் வாரங்களில் ஞாயிறு காலைப் பூசையில் பாடுகிறது. அதைக் கேட்க விரும்பினால் சனிக்கிழமை இரவு ஊரில் தங்குவது நல்லது. ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும், தண்ணீர்ப் புட்டியைக்கூட முன்னாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, காசு கொடுக்க வேண்டிய இடங்கள். முதலாவது பழைய நகர மன்றம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள். ஆங்கிலச் சுற்று ஜெர்மன் சுற்றுகளைவிட மிகக் குறைவு. அதே கட்டடத்திலிருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடியது இங்கேதான். மரக் கூரையிட்ட பெரிய மண்டபத்தில் பேரரசரின் இருக்கை எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருக்கிறது. மற்றவர்கள் தகுதிப்படி படிப்படியாகக் கீழே. யார் எந்த உயரத்தில் உட்கார்வது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு காரியத்தைக் கிடப்பில் போடுவதை ஜெர்மானியர் 'நீள பெஞ்சில் தள்ளிவிடுவது' என்பார்கள். அந்தச் சொலவடை இந்த மன்றத்தின் பெஞ்சுகளிலிருந்துதான் வந்தது என்று வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். அடித்து உறுதி சொல்ல முடியாத கதை, இடத்துக்குப் பொருந்திவிட்டது.

சிரிப்பு கீழ்த்தளத்தில் அடங்கிவிடும். விசாரணை அறை என்று அடக்கமாகப் பெயரிட்ட சித்திரவதைக் கூடம் அது. உடலை இழுக்கும் கட்டையும், கூர்முதுகு கொண்ட மரக் கழுதையும் அங்கேயே இருக்கின்றன. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டிக்குப் பின்னால் நகர மன்ற அதிகாரிகள் உட்கார்ந்து கேட்பார்களாம். கைதிக்கு அவர்கள் முகம் தெரியாது. எங்கள் வழிகாட்டி அங்கே குரலை உயர்த்தவில்லை, கதை கட்டவில்லை. நிமிடக் கணக்கில் எங்களைச் சும்மா நிற்கவிட்டார். அதற்காகவே அவருக்கு முழு மதிப்பெண்.

இரண்டாவது, நொய்ஃபார் சதுக்கத்தின் நிலத்தடிச் சுற்று. சதுக்கம் பார்ப்பதற்கு வெறும் வெட்டவெளி. நடுவில் ஒரு தேவாலயம், சுற்றிலும் கடைகள். 1519 வரை இது யூதர் தெரு. அவர்களைக் காத்துவந்த பேரரசர் மாக்சிமிலியன் அந்த ஆண்டு ஜனவரியில் இறந்ததும், நகர மன்றம் அவர்களை வெளியேற்றித் தொழுகைக்கூடத்தையும் வீடுகளையும் இடித்தது. இடிப்பதற்கு முன் அந்தத் தொழுகைக்கூடத்தைச் செதுக்கோவியமாகப் பதிவு செய்தவர் ஓவியர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர். வெளியேற்றிய அதே நகர மன்றத்தில் அவரும் ஓர் உறுப்பினர். 1995 முதல் நடந்த அகழாய்வில் நிலவறைகளும், 624 பொற்காசுகளின் புதையலும், அவற்றுக்கும் அடியில் ரோமானியக் கோட்டை வீடுகளும் வெளிப்பட்டன. படியிறங்கிப் போனால், கி.பி. 179இல் ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் எழுந்த கோட்டைக்குள்ளிருந்த வீட்டின் சுவர், யூதர் வீட்டு நிலவறை, இரண்டாம் உலகப் போரின் பதுங்கறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். மேலே வந்தால், தொழுகைக்கூடம் இருந்த இடத்திலேயே அதன் தரைப்படத்தை வெண்ணிறப் பரப்பாக எழுப்பியிருக்கிறார் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான். 2005இல் திறந்த நினைவுச் சின்னம். நாங்கள் பார்த்தபோது தூண்களின் அடிவட்டங்களில் உட்கார்ந்து இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பேசும் இடமாகவே அதை அமைத்தார் என்பதால் யாரும் அவர்களை எழுப்பவில்லை.

வணிகக் குடும்பங்கள் இத்தாலியப் பாணியில் எழுப்பிய வீட்டுக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். வாலன் தெருவிலிருக்கும் தங்கக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். இவையெல்லாம் பழையபடியே நிற்பதற்குப் பெருமைக்குரிய காரணம் ஒன்றும் இல்லை. வணிகம் நியூரம்பெர்குக்கும் அவுக்ஸ்பூர்குக்கும் நகர்ந்த பின் இடித்துக் கட்ட இந்த ஊரிடம் பணமில்லை. 1943இல் விழுந்த குண்டுகளும் நகருக்கு வெளியிலிருந்த விமான ஆலையைக் குறிவைத்தவை. நியூரம்பெர்கின் பழைய நகரம் போரில் நொறுங்கி மீண்டும் கட்டப்பட்டது. இங்கே நீங்கள் தொடும் சுவர் பெரும்பாலும் அசல்.

கிளம்பும் நாளில் நேரம் மிஞ்சியதால் கெப்ளர் தெருவில் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர் இறந்த வீட்டின் முன் நின்றோம். பேரரசர் தர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்க 1630இல் இந்த ஊருக்கு வந்தவர், நவம்பர் 15 அன்று காய்ச்சலில் இறந்தார். முப்பதாண்டுப் போரில் அவர் கல்லறையும் அழிந்தது. பலகையில் இருந்ததை நான் படித்துச் சொன்னதும், தன் ஓய்வூதிய நிலுவைக்காக இரண்டு ஆண்டு கருவூலத்துக்கு நடந்தவரான மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அரியர்ஸ் கேக்க வந்த எடத்துலயே உயிர் போயிருக்கே, மாப்பிள்ளை" என்றார்.